லியெனின் வரிசைகள்

ஹார்விக்கில் குளிர்காலம் வந்துவிட்டதைக் கண்ணாடிக் கூடங்கள்தான் சொல்லும். மதியக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் வெளியே இருட்டிவிடும். கடலோரமாக நிற்கிற கூடங்களுக்குள் விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் மேகத்தின் அடிவயிறு மஞ்சளாகிவிடும். தெற்கேயிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் ஊர் தீப்பிடித்துவிட்டதென்று பயந்து காரை நிறுத்தினாராம். எரிந்துகொண்டிருந்தது எங்கள் வெள்ளரிக்காய். பின்லாந்தின் மேற்குக் கரையில் முழங்கால் அளவு பனி கிடக்கும்போது, சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வெள்ளரிக்காய் பறிக்கிற ஊர் எங்களுடையது. சரியாகச் சொன்னால் நாங்கள் விற்கிறோம். பறிக்கிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமிலிருந்து வந்தவர்கள்.

தூரேயின் கூடத்தில் அப்படிப் பறித்துக்கொண்டிருந்தவள் லியென். நாற்பதை நெருங்குகிற, ஒல்லியான, நிமிர்ந்த பெண். வெள்ளரிக் கொடியை அவள் இறக்குவதைப் பார்ப்பதற்கென்றே தூரே வெளியூர்க்காரர்களை அழைத்துவருவான். ஒவ்வொரு கொடியும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூரையை நோக்கி ஏறும். மேலே கம்பியில் மாட்டிய கொக்கியில் மிச்சக் கயிறு சுற்றியிருக்கும். கொடி கம்பியைத் தொட்டதும் ஒரு சுற்று அவிழ்த்துவிட்டால் முழுக்கொடியும் ஒரு முழம் கீழே வரும். அப்படி அவிழ்க்கும்போது கொடியின் தலையை இன்னொரு கை தாங்கியிருக்க வேண்டும். தலை முறிந்தால் அந்தக் கொடி அத்தோடு நின்றுவிடும். வெந்நீர்க் குழாய்களே தண்டவாளமாக ஓடுகிற வரிசைகளில், தள்ளுவண்டியின் மேல் நின்றபடி காலையிலிருந்து மாலை வரை இதையே செய்வாள். தலை முறித்ததாக அவள்மேல் யாரும் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் முதலாளியையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். அது சமத்துவம். அதனால் யாருக்கும் சம்பளம் கூடியதில்லை, ஆனால் வாய்க்கு நன்றாயிருக்கும். லியெனுக்கு மட்டும் அது கடைசிவரை வரவில்லை. தூரேயை 'நீங்க' என்றே சொல்வாள். அவன் நெளிவான்.

அவளுடைய வேலை அனுமதி அட்டை அந்த வருஷம் வசந்தத்தில் காலாவதியானது. அதற்கு முன்பே நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டுவிட்டாள். மனு முடிவாகும் வரை பழைய வேலையை அப்படியே தொடரலாம் என்று சட்டம் சொன்னது, குடியேற்ற அலுவலகத்தின் இணையப் பக்கம் சொன்னது, தொழிற்சங்கத்து ஆளும் வந்து சொன்னான். தூரேயின் வயிறு மட்டும் வேறு சொன்னது. சட்டத்தை மதிக்கிறவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். அவன் சட்டத்துக்குப் பயந்தவன். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

"லியென், அட்டை வந்துதா?" என்று மாதம் தவறாமல் கேட்பான்.

"வரல. ஆனா வேலை செய்யலாம்."

"செய்யலாம்தான். தெரியும். செய்யலாம்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே, தெரியாதவன்போல நடந்துபோவான்.

அந்த வேலையின் மேல்தான் லியெனின் மனு நின்றது. அந்த மனுவின் மேல்தான் அவள் புருஷன் வின் நின்றான். மனைவியை ஒட்டி வந்தவன் என்பதால் அவனுடைய அட்டையில் எந்த வேலையும் செய்யலாம் என்று போட்டிருந்தது. லியெனின் அட்டையில் தோட்ட வேலை மட்டும். எந்த வேலையும் செய்யலாம் என்றிருந்த வின், இலையுதிர்காலம் வரை உருளைக்கிழங்கு தரம் பிரிக்கிற கொட்டகையில் இருந்தான். அது மூடியதும் வீட்டிலிருந்தான். நல்ல மனுஷன், கை மட்டும் கொஞ்சம் கனம். அவன் கழுவின கோப்பையை லியென் இரண்டாவது தடவை கழுவமாட்டாள். கழுவுவதற்குப் பெரும்பாலும் அது மிஞ்சியிருக்காது.

வம்பு வந்தது ஊர் மன்றத்தின் கூரையிலிருந்து.

மன்றத்தின் கூரை ஒழுகியது. எங்கள் பக்கத்தில் கூரை ஒழுகினால் ஆள் வைத்துச் செய்வது அவமானம். தால்கோ போட வேண்டும். யார் வீட்டிலாவது மரம் வெட்டவோ படகைக் கரையேற்றவோ வேண்டுமென்றால் ஊரே கூடிக் கூலி இல்லாமல் செய்வதுதான் தால்கோ. நடத்துகிறவர் சூப்பும் காப்பியும் தர வேண்டும். வராதவர்களை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பல வருஷம் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வணக்கம்கூட.

மன்றத் தலைவர் வால்டெமார். ஓய்வுபெற்ற வங்கிக்காரர், உயரமானவர், எதைப் பேசினாலும் முன்னால் ஒரு மேடை இருப்பதுபோலப் பேசுவார். "இந்தத் தடவை நம்ம புது ஊர்க்காரங்களும் வரணும்" என்று அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். லியெனும் வின்னும் போனார்கள். போகாமல் எப்படி?

முதல் சனிக்கிழமை சாரல். பலகை வழுக்கியது. கூரை உச்சிக்குப் போக வேண்டியவர்கள் ஏணியடியில் நின்று, ஏணியைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். லியென் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு ஏறிப்போய் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, "பலகையக் குடுங்க" என்றாள். அதற்கப்புறம் செப்டம்பர் முழுக்க உச்சி அவளுடையதாகிவிட்டது. வின் கீழே பெண்களோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தான். வால்டெமார் நடுவில் நின்று கையைக் காட்டினார்.

கூரை முடிந்த அன்று காப்பி, ஏலக்காய் ரொட்டி, பேச்சு. "நேற்றுவரை அந்நியர், இன்று நம் தலைக்குமேல் கூரை போட்டவர்" என்று வால்டெமார் சொன்னபோது சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மாவட்டப் பத்திரிகையில் படம் வந்தது. வானத்தின் எதிரில் லியென், கையில் சுத்தியல், வாயில் இரண்டு ஆணி. தூரே அதைக் கூடத்தின் காப்பி அறையில் ஒட்டிவைத்தான்.

அக்டோபர் கடைசியில் அலுவலகத்திலிருந்து லியெனுக்கு ஒரு கேள்வி வந்தது. தோட்ட வேலைக்கு மட்டும் அனுமதி பெற்ற நீங்கள், கூரை வேலை செய்ததாகத் தெரியவருகிறது. எந்த அடிப்படையில் செய்தீர்கள்? விளக்கவும்.

அன்றே தூரே படத்தைக் கிழித்தான். பிறகு லியெனைத் தள்ளுவண்டியிலிருந்து இறங்கச் சொன்னான்.

"கொஞ்ச நாள் வீட்டுல இரு. இது தெளிவாகட்டும்."

"வேலை செய்யக்கூடாதுன்னு அதுல எழுதலையே."

"செய்யலாம்னும் எழுதலையே."

"பாதி வரிசைல நிக்கறேன். இத முடிச்சிட்டுப் போறேன்."

"வேணாம் லியென். யாராவது வந்து பாத்தா?"

"யாரு வருவா?"

தூரே கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். வெளியே சேறும் ஒரு காகமும் இருந்தன. "சொல்ல முடியாது," என்றான்.

பதில் எழுதுவதற்கு குன்வோர் வீட்டுச் சமையலறையில் கூடினார்கள். குன்வோர் லியெனுக்குப் பக்கத்து வீடு. புருஷன் போனபின் தனியாக இருப்பவள். பள்ளியில் சமையல்காரியாக இருந்தவள் என்பதால், பெரிய மனிதர்களை வரிசையில் நிற்கவைத்துப் பரிமாறுகிற குரல் அவளுக்கு இன்னும் போகவில்லை. வியாழக்கிழமை, எல்லா வீட்டிலும்போல அங்கேயும் பட்டாணி சூப். நானும் கிண்ணத்தோடு அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"சின்ன விஷயம்," என்று தூரே ஆரம்பித்தான். "கூரை மேல லியென் பண்ணினது வேலையா, இல்லையா? வேலை இல்லன்னு எழுதிட்டா தீந்துது."

"யாரு எழுதறது?" என்றார் வால்டெமார்.

"நீதான். நீதானே தலைவர்."

"தால்கோ வேலை இல்லன்னு நான் எழுதணுமா?" வால்டெமார் கரண்டியை வைத்துவிட்டார். "படகுத்துறைய எப்படிக் கட்டினோம்? தால்கோ. பள்ளிக்கூடத்துக்கு வேலி? தால்கோ. யுத்தத்துக்கப்புறம் இந்தக் கரை எழுந்து நின்னதே தால்கோலதான். அதெல்லாம் வேலை இல்ல, சும்மா பொழுதுபோக்குன்னு நான் கையெழுத்துப் போடணும். அப்படித்தானே?"

"நீ அன்னிக்கு என்ன பண்ணின?" என்றாள் குன்வோர். "கீழ நின்னு கையக் காட்டின. அது வேலை இல்லன்னு வேணா நான் எழுதித் தரேன்."

"அதுக்குப் பேரு மேற்பார்வை, குன்வோர்."

"ஓ. மழை வந்தப்போ சமையலறைக்கு வந்து மேற்பார்த்தியே, அதுவா."

வின்னுக்கு எங்கள் பேச்சு மெதுவாகத்தான் வரும். "ஒண்ணு கேக்கணும்," என்றான். "கூரை விஷயம் ஆபீசுக்கு எப்படித் தெரியும்? அவங்க நம்ம ஊர் பத்திரிகை படிப்பாங்களா?"

வால்டெமார் சூப்பில் கடுகு விழுது கலந்தார். ஏற்கெனவே கலந்திருந்தது.

"நான் ஒரு நல்ல வார்த்தை எழுதிப்போட்டேன்," என்றார் கடைசியில்.

"எங்க?"

"அங்கதான். சீக்கிரம் குடுக்கட்டும்னு. மத்த ஊர்ல இதெல்லாம் யாரும் செய்யமாட்டாங்க. படத்த வெட்டி ஒட்டி, கூட ரெண்டு பக்கம் எழுதினேன். மன்றத்தோட முத்திரையும் போட்டேன்."

"என்ன எழுதின?" என்றான் தூரே. அவன் முகம் வெள்ளை மேசை விரிப்பின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"உள்ளதத்தான். செப்டம்பர் முழுக்க வந்தாங்க. தொழில் தெரிஞ்ச தச்சனாட்டம் வேலை செஞ்சாங்க. தனி ஆளா நாலு தச்சன் வேலைய…"

"தச்சன்னா எழுதின?"

"நாலு தச்சன்னு எழுதினான்," என்றாள் குன்வோர்.

"நாலு பேரா?" என்று லியென் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். "நான் ஆணிதான் அடிச்சேன்."

"சிபாரிசுன்னா கொஞ்சம் சேத்துத்தான் எழுதணும் லியென். குறைச்சு எழுதினா அவங்க என்ன நினைப்பாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் குன்வோர் அவரை அந்த சூப்போடு வெளியே அனுப்பியிருப்பாள்.

"அப்போ ஒரே வரி," என்றான் தூரே. "அவள் சும்மா உதவினாள். அவ்வளவுதான்."

"'சும்மா' வேணாம்," என்றார் வால்டெமார்.

"ஏன்?"

"மன்றத்துக் கூரைய சும்மா போட்டதா ஆயிடும்."

"சூப் குடுத்தத எழுதணுமா?" என்று குன்வோர் கேட்டாள். "அது கூலின்னு சொல்லிடப் போறாங்க."

"லியென் ஒரு கிண்ணம்தான் குடிச்சா," என்றான் வின்.

"நீங்க மூணு குடிச்சீங்க," என்றாள் லியென்.

"நான் குடிக்கலாம். என் அட்டைல எல்லாம் செய்யலாம்னு போட்டிருக்கு."

தூரே அவனை ஒரு புதுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அப்போ நீ கூரைல ஏறியிருந்தா ஒரு கேள்வியும் வந்திருக்காது."

"வந்திருக்காது."

"ஏன் ஏறல?"

"எனக்கு நாற்காலில ஏறினாலே தல சுத்தும்."

ஒருவழியாகப் பதில் உருவானது. வால்டெமாரின் கையெழுத்தில், தால்கோவின் தொன்மையையும் கரையோர மக்களின் குணநலனையும் விவரித்து, லியென் செய்தது பெரும் உழைப்பு என்றும் ஆனால் வேலை அல்ல என்றும் முடிந்தது. அதை அவர் உரக்கப் படித்தபோது, எங்களுக்கே கூரையைப் போட்டது யாரென்று சந்தேகம் வந்துவிட்டது. அனுப்பினார்கள். கேள்வி கேட்கும்போது அலுவலகம் காட்டுகிற சுறுசுறுப்பு பதில் வந்தபின் இருப்பதில்லை. நவம்பர் போனது.

வேலை இல்லாத லியென் வீட்டில் இருந்ததைப் பார்க்கக் கஷ்டமாயிருந்தது. காலையில் பழகிய நேரத்துக்கு எழுந்து, சோறு கட்டி, கட்டின சோற்றை மேசையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உழவர் கடையில் ஆள் கேட்டார்கள். அது தோட்டமில்லை. முதியோர் இல்லத்தில் கேட்டார்கள். அதுவுமில்லை. குன்வோரின் வாசல் பனியைத் தள்ளப் போனவளை குன்வோரே தடுத்தாள். "கீழ வை. எவனாவது படம் எடுத்துத் தொலைப்பான்."

ஊருக்கு மனசு உறுத்தியது. மனசு உறுத்தினால் நாங்கள் செய்வது ஒன்றுதான். லியென் வீட்டில் ஒரு சனிக்கிழமை தால்கோ போட்டோம், விறகு பிளக்க. வால்டெமார்தான் முன்னால் நின்றார். லியென் ஒரு கட்டையைக் குனிந்து எடுத்ததும் மூன்று பேர் ஓடிப்போய்ப் பிடுங்கினார்கள். வெளியே ஒரு நாற்காலி போட்டு, கம்பளியைச் சுற்றி, அவளை உட்காரவைத்தோம். தன் வீட்டு விறகை ஊரே பிளப்பதை அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"வந்தவங்களுக்கு நான் சமைக்கவாவது செய்யணுமே," என்றாள்.

"தாராளமா," என்றார் வால்டெமார். "சமைக்கறது வேலை இல்லையே."

கோடாலி பிடித்த பெண்களெல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். லியென் மாட்டெலும்பைக் கொதிக்கவிட்டு, இஞ்சி சுட்டுப்போட்டு, அரிசிச் சேவையோடு பெரிய பாத்திரம் நிறையக் கொடுத்தாள். நாங்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு குடித்தோம், நன்றாயிருக்கிறது என்றோம், சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். விறகு மலையாகக் குவிந்தது. வேலை மட்டும் வரவில்லை.

டிசம்பரில் தூரே வந்து கதவைத் தட்டினான். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினான்.

"லியென், உன் வரிசை எல்லாம் காடாயிடுச்சு. கொடி மேல போய் விளக்குல முட்டுது. எனக்கு ஆள் இல்ல."

"நான் இருக்கேன்."

"நீ இருக்க. ஆனா…" அவன் வின்னைப் பார்த்தான். "இவன் அட்டைல எதுவும் செய்யலாம்னு போட்டிருக்கு."

வின் எழுந்து நின்றான். லியென் உட்கார்ந்தே இருந்தாள்.

"இவருக்குக் கொடி இறக்கத் தெரியாது," என்றாள்.

"கத்துக்கட்டும். நீ திரும்பி வர்ற வரைக்கும்தான்."

அவன் போனபின் இருவரும் பேசினது குன்வோருக்குக் கேட்டதாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மரச்சுவர்தான். அவர்கள் மொழி எங்களுக்குப் புரியாது. மறுநாள் லியென் குன்வோரிடம் வந்து, தான் சொன்னதையும் அவன் சொன்னதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள்.

"வேணாம்னு சொல்லிடவா?" என்று வின் கேட்டானாம்.

"சொல்லிட்டு என்ன சாப்பிடறது? விறகா?"

"வேற எங்கயாவது தேடறேன்."

"இந்தக் குளிர்ல எவன் எடுப்பான்? நீங்க போகலன்னா தூரே நாளைக்கே வேற ஆளப் போட்டுடுவாரு. அப்புறம் அந்த வரிசை எனக்கு வரவே வராது. நீங்கன்னா எனக்கு விட்டுத் தருவீங்க."

"அப்போ போகட்டுமா?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்க இந்த நாட்டுல நிக்கறது என் மேல. நான் நிக்கறது அந்த வரிசை மேல. இப்போ அந்த வரிசைல நீங்க போய் நிக்கப்போறீங்க."

"எனக்குப் புரியல."

"எனக்கும்தான்," என்றாளாம் லியென். "சோறு கட்டி வெச்சிருக்கேன். எடுத்துட்டுப் போங்க."

முதல் வாரம் வின் முறித்த தலைகளை எண்ணுவதை தூரே நிறுத்திவிட்டான். வண்டியில் ஏறினாலே வின்னுக்குத் தலை சுற்றியது. ஒரு கையால் வண்டியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கயிறு விட்டால் கொடியின் தலையைத் தாங்க மூன்றாவது கை வேண்டும். அவன் வீட்டுக்கு வரும்போது சட்டைப்பையில் முறிந்த தலைகள் இருக்கும், வெளிர்பச்சையாய், சுருண்ட நுனியோடு. குப்பையில் போட மனசு வராமல் கொண்டுவந்துவிடுவான்.

லியென் அவற்றை மேசையில் பரப்பிப் பார்த்தாள். "இதெல்லாம் என் கொடி," என்றாள்.

அன்று சமையலறை உத்தரத்தில் ஒரு துணிக்கயிற்றைக் கட்டினாள். கம்பளி நூலை முறுக்கி அதில் கொடிபோலத் தொங்கவிட்டு, நுனியில் ஒரு வெங்காயத் தாளைச் செருகினாள். வின்னை நாற்காலியின் மேல் ஏற்றினாள். அதன் உயரமான முதுகுதான் வண்டிக் கம்பி. குன்வோர் முட்டை கடன் வாங்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர்கள் பேசினதை லியென் பிறகு அவளுக்குச் சொன்னாள்.

"கம்பிய விடுங்க."

"விழுந்துடுவேன்."

"விழமாட்டீங்க. இடுப்பக் கம்பில சாயுங்க. இப்போ கை ரெண்டும் உங்களோடது. கீழ பாக்காதீங்க, தலையப் பாருங்க. தலை எங்க போகுதோ அங்கயே கண்ணு போகணும். இப்போ ஒரு சுத்து விடுங்க. மெதுவா. மெதுவான்னா தயங்கறது இல்ல."

வெங்காயத் தாள் முறிந்தது. இன்னொன்று செருகினாள்.

"பேசாம நீயே போயிடு," என்றான் வின் நாற்காலியின் மேலிருந்து. "என் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போ. யாருக்குத் தெரியும்?"

"நீங்க மூணு கிண்ணம் குடிக்கற ஆளு. நான் உங்க சட்டைக்குள்ள ரெண்டு தடவை சுத்துவேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று குன்வோர் சொல்கிறாள்.

வின் கற்றுக்கொண்டான். தினமும் சாயங்காலம் வந்து எந்த வரிசை எப்படி இருந்ததென்று சொல்வான், அவள் நாளைக்கு என்ன செய்ய வேண்டுமென்று சொல்வாள். எந்தக் கொடிக்கு இலை எடுக்க வேண்டும், எந்த மூலையில் வெக்கை அதிகம், எங்கே இலைப்பேன் முதலில் வரும், எல்லாம். கிறிஸ்துமஸ் போய் ஜனவரி முடிவதற்குள் தலை முறிவது நின்றுவிட்டது. தூரே சந்தோஷப்பட்டான். சந்தோஷத்தில் வின்னுக்கு நிரந்தர வேலை எழுதிக் கொடுத்தான். ஒரே வேலைக்கு இரண்டு பெயர் இருக்க முடியாது என்று அவனுடைய கணக்காளர் சொன்னதால், லியெனின் பெயரை நவம்பரிலேயே முடிந்ததாகக் கணக்கில் அடைத்தார்கள். தூரே அதை லியெனிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாள் என்று நினைத்தானாம். தனக்கு வருத்தம் தருகிற எதையும் அடுத்தவர் நலன் கருதிச் சொல்லாமல் விடுகிறவன் அவன்.

பிப்ரவரியில் கடல் முழுக்க உறைந்து, வெயில் கண்ணைக் கூச ஆரம்பித்த ஒரு நாள், அலுவலகத்தின் பதில் வந்தது. லியெனுக்கு ஒன்று, தூரேவுக்கு ஒன்று. தூரே தன்னுடையதை எடுத்துக்கொண்டு லியென் வீட்டுக்கு வந்தான். வழியில் பார்த்து வால்டெமாரும் சேர்ந்துகொண்டார். குன்வோர் கதவு திறக்கிற சத்தம் கேட்டே வந்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் நானும்.

லியெனே படித்துச் சொன்னாள். கூரை மேல் செய்தது தொழிலாகக் கருதத்தக்கதல்ல. ஆகவே அதனால் மனுவுக்கு எந்தத் தடையுமில்லை. மனு நிலுவையில் இருந்த காலம் முழுவதும் அவளுக்குத் தன் வேலையில் தொடர உரிமை இருந்தது.

"நான் என்ன எழுதினேன்?" என்று வால்டெமார் எழுந்தே விட்டார். "பெரும் உழைப்பு, ஆனா வேலை அல்ல. அப்படியே எடுத்துக்கிட்டாங்க பாரு."

"உக்காரு," என்றாள் குன்வோர்.

"இத்தனை நாளும் நான் வந்திருக்கலாம்," என்றாள் லியென்.

"வந்திருக்கலாம்," என்றான் தூரே.

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"சொன்ன."

பிறகு தன்னுடையதை மேசையில் வைத்தான். அதில் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள். மனு செய்த வேலையில் அவள் இடைவிடாமல் இருந்துவருகிறாள் என்று முதலாளி உறுதி செய்தால், நிரந்தர அனுமதி பற்றி முடிவெடுக்கலாம்.

அடுப்பில் விறகு வெடித்தது.

"நான் நின்னுக்கறேன்," என்றான் வின். "இப்பவே. நாளைக்குக் காலைல அவ வரட்டும்."

"வரட்டும்," என்றான் தூரே. "அது புது வேலை. பழசு முடிஞ்சுபோச்சு, நவம்பர்ல. கணக்குல அடைச்சாச்சு. புது வேலைன்னா புது மனு, முதல்லேர்ந்து. அது கிடைக்கற வரைக்கும் இவ வேலை செய்ய முடியுமான்னு எனக்குத் தெரியல. பழைய மனுவுக்குத்தான் இந்த உரிமை எல்லாம்."

"நவம்பர்லயா?" என்றாள் லியென். "எனக்கு யாரும் சொல்லலையே."

"நீ வருத்தப்படுவன்னு…"

"தூரே," என்றாள் குன்வோர். "வேலைல இருக்காள்னு எழுதிடு. ஒரு வார்த்தை. எவன் வந்து பாக்கப்போறான்?"

"பொய்யா?"

"பொய்தான்."

"எனக்குப் பொய் எழுத வராது குன்வோர்." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் குளிர்காலத்தில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். "எங்க குடும்பத்துல யாரும் எழுதினதில்ல. சம்பளம் போட்ட விவரம் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. நாளைக்கு என் கூடத்தையே மூடிட்டா? அங்க இருக்கற எல்லாருக்கும் வேலை போயிடும். இவங்க ரெண்டு பேருக்காக மட்டும் நான் யோசிக்க முடியுமா?"

"நான் வேணும்னா ஒரு நல்ல வார்த்தை…" என்றார் வால்டெமார்.

யாரும் அவரைத் திட்டக்கூட இல்லை. லியென் அவருக்குக் காப்பி ஊற்றினாள். சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள்.

தூரே அங்கேயே, அந்த மேசையிலேயே எழுதினான். அழகான கையெழுத்து அவனுக்கு. நவம்பரிலிருந்து வேலையில் இல்லை என்று எழுதி, அதன் கீழே அவள் மிகச் சிறந்த தொழிலாளி என்றும் சேர்த்து எழுதினான். அதை வின் இரண்டு தடவை படித்தான். அவள் போனால் தானும் போக வேண்டும் என்பது அவனுக்கு அப்போதுதான் உடம்பில் உறைத்திருக்க வேண்டும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான், உயரத்தில் நிற்கிறவனைப்போல.

"இத அனுப்பினா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

"முடிவு வர நாளாகும்," என்றான் தூரே. "அதுவரைக்கும் நீ வேலை செய்யலாம். உனக்கு ஒரு தடையும் இல்ல."

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கதவருகே போய் நின்று, ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தேடி, கிடைக்காமல், வழக்கமானதையே சொன்னான்.

"காலைல சீக்கிரம் வா வின். பதினாலாவது வரிசை இறக்கணும்."

லியென் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பதினாலு நேத்தே இறக்கியாச்சு," என்றாள். "பதினாறுதான் கம்பியத் தொட்டுட்டு நிக்குது. அந்த மூலைல வெக்கை. இலை எடுத்துட்டு இறக்கச் சொல்லுங்க, இல்லன்னா முறிஞ்சிடும்."

தூரே சட்டைப்பையிலிருந்து பேனாவைத் திரும்ப எடுத்து, மறந்துவிடாமல் இருக்க, உள்ளங்கையில் பதினாறு என்று எழுதிக்கொண்டான்.